மறுத்துப் பேசச் சொன்ன பூவனநாதன்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, விளாத்திகுளத்திலிருந்தும் நாகலாபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் தம்மத் தோழர்களே, கோவில்பட்டி நண்பர்களே, வணக்கம்.

முதலில், உறுதியான செய்தி. இந்தக் கூட்டத்தின் முடிவில் எடுப்பதாக இருந்த உறுதிமொழி இன்று இல்லை. சற்று முன் வாசலில் இதைச் சொன்னவர் கரிசல் பௌத்த வட்டத்தின் செயலாளர் சங்கிலிப்பாண்டி. 'ஆசிரியர் பூவனநாதன் சொன்ன ஒரு சொல்லையும் மாற்ற மாட்டோம்' என்பது அந்த உறுதிமொழி. அதை எழுதியவரும் சங்கிலிப்பாண்டியே. நாகலாபுரம் கிளையை நடத்தும் ராதாமணி அதை எடுக்க மறுத்துவிட்டார்.

உங்களில் பலர் முகம் சுளிக்கிறீர்கள். 'ஆசிரியர் போன துக்கமே ஆறவில்லை, அதற்குள் மறுப்பா?' என்று கேட்கிறீர்கள். எனக்கும் மனம் நிலைகொள்ளவில்லை. ஆனால் நாம் யாருக்காகக் கூடியிருக்கிறோம்?

பஞ்சாலையில் ஷிப்டு முடித்து, பஞ்சு ஒட்டிய சட்டையோடு ஊர் ஊராகப் புத்தரைக் கொண்டுபோன பூவனநாதனுக்காக! காலில் விழ வந்தவர்களிடமிருந்து காலை இழுத்துக்கொண்ட பூவனநாதனுக்காக! ஞாயிறுதோறும் பேசி முடித்ததும் மேடையிலிருந்து இறங்கித் தரையில் அமர்ந்து, சீடர் ஒருவரை எழுந்து மறுக்கச் சொன்ன பூவனநாதனுக்காக! யாரும் எழாவிட்டால் கூட்டம் முடியாது.

"தண்ணி தெளிச்சா வெட்டப்போற கிடாகூடத் தலையாட்டும்லா. நீங்களும் அதுக்குத்தான் வந்தியளா?" என்பார்.

ஒருமுறை, கோயில் கொடைத் திருவிழாவுக்கு நம்மவர் யாரும் போகக்கூடாது என்றார். ராதாமணி எழுந்தார்.

"எங்கம்மைக்குக் கண்ணு தெரியாது. கொட்டுச் சத்தம் கேக்கணும்னு வருசம் பூரா காத்துக் கெடக்காவ. நான் கூட்டிட்டுத்தான் போவேன். தப்புன்னா நீங்களே வந்து அவியகிட்ட சொல்லுங்க ஐயா."

என்ன செய்தார் ஆசிரியர்? கொடையன்று நாகலாபுரம் போனார். அந்த அம்மாளைக் கைபிடித்து அழைத்துப் போய், கொட்டுக்காரர்களுக்கு அருகில் உட்காரவைத்தார். அடுத்த ஞாயிறு எல்லார் முன்னிலையிலும், "நான் சொன்னது தப்பு" என்றார். ஆசிரியர் என்று நாம் அவரை அழைத்தது இதற்காகத்தானே!

இன்று வாசலில் ராதாமணி கேட்டார்: "ஒரு சொல்லையும் மாத்தக்கூடாதுன்னா, எந்தச் சொல்லு அண்ணாச்சி? மொதல்ல சொன்னதா, பெறகு சொன்னதா?"

"ஒனக்கென்ன, அவியகிட்ட வாயாடியே தீத்துட்ட. நான் ஒருநா கூட எந்திரிக்கல. இனி யார்கிட்ட போயி எந்திரிக்க?" என்றார் சங்கிலிப்பாண்டி.

"என்கிட்ட எந்திரிங்க அண்ணாச்சி."

நண்பர்களே, ஆசிரியரின் பணியைத் தொடர்வோம் என்று சொல்லிவிட்டு அமர்வது எளிது. எந்தப் பணியை? இந்த இருவரையும் பேசவிடுவோம், இருந்து கேட்போம். இன்று என்னால் கூறமுடிந்த உறுதி இவ்வளவுதான்.

வைகாசிப் பௌர்ணமியன்று நாகலாபுரத்தில் வட்டம் கூடுகிறது. உறுதிமொழி வேண்டுமா, அதை மறுத்த ராதாமணி கிளையைத் தொடர்ந்து நடத்தலாமா, இரண்டும் அன்றுதான் முடிவாகும். பேசப்போவது ராதாமணி. மறுக்கப் பெயர் கொடுத்திருப்பவர் சங்கிலிப்பாண்டி. அவர் எழுவாரா என்பது இன்னும் தெரியவில்லை.