காதைச் சொறிதல்

என் கையெழுத்து குண்டு குண்டாக, யாரும் படிக்கும்படி இருக்கும். அதனால்தான் மேபலின் குறிப்பேடு ஆறு வருஷமும் என்னிடமே இருந்தது.

மேபல் ஒரு சிம்பன்சி. ஓக்லஹோமாவில், ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில், காது கேளாதவர்களின் சைகை மொழியை அவளுக்குக் கற்றுக்கொடுத்தோம். அவளுடைய ஒவ்வொரு கையசைவையும் இரண்டு கட்டங்களில் ஒன்றில் பதிய வேண்டும்: சைகை, அல்லது சொறிதல். சந்தேகம் வந்தால் முடிவு என்னுடையது. நூற்றுப்பத்துச் சொற்கள் வந்தன. எனக்கு அவளாகவே ஒரு பெயர் வைத்தாள். காது மடலைப் பிடித்து இரண்டு முறை இழுத்தால் அது நான். நான் காய்ச்சலில் படுத்திருந்த வாரம், வருகிறவர்களிடமெல்லாம் அப்படி இழுத்துக் காட்டிவிட்டுக் கதவைப் பார்த்தாளாம்.

எண்பத்தொன்றில் ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்த மானியம் நின்றது. மஞ்சள் காமாலைத் தடுப்பூசியைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்று அவளை எடுத்துக்கொள்ள முன்வந்தது. என் முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டியான பேராசிரியர் டீஸ்டேல் என்னைக் கூப்பிட்டார்.

"பேசுற குரங்கை ஊசி போட அனுப்பிட்டாங்கன்னு பேப்பர்காரன் எழுதினா நம்மளத் தோலுரிச்சிடுவான், நடீன். அந்தக் குறிப்பையெல்லாம் இன்னொரு தடவை பாரேன். கொஞ்சம் கறாரா."

"எவ்வளவு கறாரா?"

"உன் ஆய்வேடு பாஸாகுற அளவுக்கு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

சந்தேகப்படுவது விஞ்ஞானத்தின் கடமை. முதல் வாரம் சந்தேகமானவற்றைச் சொறிதல் கட்டத்துக்கு மாற்றினேன். அடுத்த இரண்டு வாரம் சந்தேகமே இல்லாதவற்றை. ஒன்பது சொற்கள் மிஞ்சின. காதிழுப்பு நானூற்றுப் பன்னிரண்டு இடங்களில் இருந்தது. அதைக் கடைசியாக மாற்றினேன்.

ஆய்வேடு தேறியது. வேலையும் கிடைத்தது.

ஆய்வக வண்டியில் ஏற்றிய நாளில் மேபல் கூண்டுக்குள் போக மறுத்தாள். நான் முதலில் உள்ளே போய் உட்கார்ந்து, 'வா' என்று சைகை செய்தேன். மிஞ்சிய ஒன்பதில் அதுவும் ஒன்று. வந்து மடியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நான் மட்டும் வெளியே வந்தேன்.

நான்கு மாதம் கழித்து ஆய்வகத்திலிருந்து வெண்டல் என்ற பராமரிப்பாளர் தொலைபேசியில் பேசினார்.

"நீங்க வளர்த்ததுன்னு சொன்னாங்க, மேடம். எந்நேரமும் காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கு. மடல் புண்ணாப் போச்சு. டாக்டர் காதுல சீழ்னு சொட்டு மருந்து விடச் சொல்றார். ஊசிக்குக்கூட கையை நீட்டுது, சொட்டு மருந்துன்னா அலறுது. தினம் நாலு பேர் அமுக்கிப் பிடிக்கிறோம். என் பொண்டாட்டி கேலி பண்றா, வீட்டுலயும் குரங்குப் பேச்சுதானான்னு. ஆனா என் மூஞ்சியப் பாத்துப் பாத்துல்ல இழுக்குது. எதையோ கேக்குற மாதிரி இருக்கு. அது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் ஆய்வேடு பொய்யாகிவிடும்.

"பழைய பழக்கம்," என்றேன். "வெறும் சொறிதல்."

"ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்களேன். உங்களப் பாத்தா அடங்கும்."

போனால் திரும்பி வர வேண்டியிருக்கும். இரண்டாவது முறை பிரியும் கொடுமையை எந்த மிருகத்துக்கும் செய்யக்கூடாது. அந்த இரக்கத்தினால்தான், வர முடியாது என்று மெதுவாகச் சொன்னேன். சொட்டு மருந்தை மட்டும் நிறுத்திவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.