காற்றை மறைத்த கருங்கல்

கோடையின் கொடுமையும் கொண்டலின் குளுமையும் கணித்துச் சுவர் எழுப்பிய கட்டடக் கலைச் செல்வரே! நேர்மையின் நிலைக்களனே! பணி நிறைவு பெறும் எங்கள் உதவிப் பொறியாளர் பஞ்சாட்சரம் ஐயா அவர்களே! வணக்கம்.

பாராட்டு மடலில் கோபம் கூடாது என்பார்கள். பாராட்ட வேண்டியவர்கள் உரிய காலத்தில் பாராட்டியிருந்தால் எங்களுக்கும் கோபம் வந்திருக்காது.

சென்னை ஜார்ஜ் டவுனில், பக்கத்துக் கட்டடம் தோளில் சாயும் நெருக்கடியில், நம் துறைக்கு நான்கு மாடி அலுவலகம் வரைந்தீர்கள். இருபுறமும் சன்னல் வைக்க இடமில்லை. தாங்கள் தளர்ந்தீர்களா? கிழக்கு வாசலருகே கடற்காற்று நுழையத் தாழ்வாக ஓர் அகன்ற திறப்பு. நடுவே வானம் பார்த்த முற்றம். நுழைந்த காற்று சூடேறி அம்முற்றத்தின் வழியே மேலே போய்விடும். பட்டப்பகலில் விளக்கு வேண்டாம்; சித்திரையிலும் பாதி மின்விசிறி போதும். மின்வெட்டு நாளிலும் அங்கே வேலை நடந்தது.

அப்படி மூச்சுவிட்ட கட்டடத்தின் மூக்கைப் பொத்தினார்களே, பாவிகள்! திறப்பு விழாக் கல்வெட்டு தெருவில் போவோர் கண்ணில் பட வேண்டுமாம். பளபளக்கும் கருங்கல்லை அந்தத் திறப்பின்மேலேயே பதித்தார்கள். உள்ளே புழுங்கியது; குளிரூட்டும் இயந்திரங்கள் வாங்கினார்கள். நாடே மின்சாரமின்றித் தவிக்கையில் நாலு பேர் பெயருக்காக இத்தனை மின்சாரம்! "கல்லை நாலடி தள்ளி வையுங்கள்" என்று மன்றாடிய தங்களுக்குக் கிடைத்த பதில், உத்திரமேரூருக்குத் தண்டனை மாற்றம்.

எது ஐயா தண்டனை? எங்கள் ஊரா? தாங்கள் வந்திறங்கிய அன்றே மேஸ்திரி தாண்டவராயன் கேட்டாரே, "இன்னா சார் இது? அப்போ நாங்க பொறந்ததுலேர்ந்து ஜெயில்லயா இருந்துக்கினு கீறோம்?" இங்கே தாங்கள் கட்டிய பள்ளிக்கூடங்களில் வீசும் காற்றுக்கு மத்தியானம் வாத்தியார்களே கண்ணயர்கிறார்கள் என்று புகார் வருகிறது. அதுவும் தங்கள் பெருமையே. கல்லில் எழுதுவதை இவ்வூருக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊர்ச்சபையின் விதிகளைக் கோயில் சுவரில் வெட்டியவர்கள் எங்கள் முன்னோர். அந்த எழுத்து எந்தச் சன்னலையும் அடைக்கவில்லை.

பிரிவு உபசாரத்துக்கு மோதிரம் போடலாமா என்று கேட்டோம். "என் கட்டடத்துக்குக் காத்து வந்தாப் போதும்ப்பா" என்று கண் கலங்கினீர்கள். எங்களுக்கும் பொறுக்கவில்லை. போன ஞாயிறன்று நம்மூர் லுக்மான் பாய் லாரியில் கடப்பாரையோடு சென்னை போனோம். "உள்ளாற ஒரே பேஜாரா கீது, சட்டுனு தூக்குங்க" என்று காவலாளி கதவைத் திறந்தார். அவர் பெயரைச் சொல்ல மாட்டோம். கல் உடையவில்லை, ஒரு பெயரும் சிதையவில்லை. நாலடி தள்ளித் தூணருகே கம்பீரமாக நிற்கிறது. கடற்காற்று உள்ளே போகிறது.

ஐயா, தாங்களும் அம்மையாரும் நோய்நொடி அண்டாமல் நெடுங்காலம் வாழ்க! இந்த மடலையும் சன்னலை மறைக்காமல் ஒரு சுவராகப் பார்த்து மாட்டிக்கொள்ளுங்கள்.

மேடையில் வீற்றிருக்கும் மேலதிகாரி அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கல்லை நகர்த்தியது நாங்கள்தான். தண்டனை உண்டென்றால் தாராளமாகத் தாருங்கள். தங்கள் வழக்கப்படி எங்கள் அனைவரையும் உத்திரமேரூருக்கே மாற்றிவிடுங்கள்.

இங்ஙனம்,
உட்கோட்ட ஊழியர்கள்,
உத்திரமேரூர்.
31.5.1986