வெயிலில் ஏற்றிய விளக்கு

அமெரிக்காவில், பிஸ்கட்டவே ஊர்க் கோயிலில் விளக்கேற்றும் வரிசை. மாலை ஏழைத் தாண்டியும் ஜன்னலில் வெயில் காய்ந்தது. எனக்கு முன்னால் நின்ற பட்டுப்புடவைப் பெண், தனக்கு முன்னால் தீக்குச்சியை எடுத்த அம்மாளைத் தடுத்தாள்.

“ஆன்ட்டி, வெயிட் பண்ணுங்க. இன்னும் சன்செட் ஆகல. போன்ல செக் பண்ணிட்டேன்.”

“பிள்ளை, நான் இங்க விருந்துக்கு வந்தனான். இருக்கிறது நோர்வேயில, வடக்குத் தொங்கலில, கடைசி முனையில. கோடையில அங்க சூரியன் மறையிறதே இல்லை.”

“அப்போ விளக்கு?”

“ஒரு நாளும் விட்டதில்லை.”

“டைம் எப்படித் தெரியும்?”

“ஐயர் ஒருத்தரைக் கேட்டனான். யாழ்ப்பாணத்து நேரம் பாத்து ஏத்தச் சொன்னவர். அந்த நேரம் நான் பக்டரியில மீன் வெட்டிக்கொண்டு நிப்பன்.”

“மீனா?” அந்தப் பெண் அரையடி பின்னால் நகர்ந்தாள்.

“ஓம், மீன்தான். வேலையால வந்து, முழுகி, மீன் மணம் போனாப்பிறகு ஏத்துவன். எனக்கு அப்பதான் பொழுதுபடும். சூரியன் நிண்டா நிக்கட்டும்.”

குச்சியை உரசித் தன் விளக்கை ஏற்றினார். எரிகிற குச்சியை அப்படியே அவளிடம் நீட்டினார்.

“ஏத்துறீங்களோ, போனைப் பாக்கிறீங்களோ? கெதியாச் சொல்லுங்கோ, என்ர கை சுடுது.”