வடக்குச் சுவருக்கு அப்பால்

கடல் மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் முதலில் மீனை வாங்கி வந்துவிடுகிறார்கள். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. முதலில் வாங்க வேண்டியது, பவளம் ஒட்டி வளரும் கல். அதற்கும் முன்னால் வேண்டியது பொறுமை. உட்காருங்கள் சார், தொட்டி விளக்கு நீலமாகும் நேரம்தான். பவளமெல்லாம் இப்போது விரியும். கோட்டாட்சியர் ஒருவர் என் தொட்டியைத் தேடி வீட்டுக்கே வருவார் என்று நான் கனவுகூடக் கண்டதில்லை. ராஜாத்தி கொடுத்த மனுவைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். எதையும் மறைக்கமாட்டேன். வரிசையாகச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் தியாகராசனுக்கு மஸ்கட்டில் வேலை. ஒருமுறை என்னை அங்கே அழைத்துப்போய், கண்ணாடி முகமூடி மாட்டிவிட்டு, கடலுக்குள் முகத்தை வைத்துப் பார் கமலா என்றார். வலங்கைமான் வாய்க்காலைத் தவிர வேறெதிலும் முகம் நனைத்தறியாதவள் நான். உள்ளே பார்த்ததும் சிரித்துவிட்டேன். சிரித்ததில் வாய் நிறைய உப்புத் தண்ணீர். புரையேறியும் சிரிப்பு நிற்கவில்லை. ஐம்பது வயதில் ஒருத்திக்குக் காதல் வந்தால் என்ன செய்வாள், சொல்லுங்கள். வீட்டுக்குக் கூட்டிவரத்தான் பார்ப்பாள்.

கூடத்தில் நாலடித் தொட்டியில் ஆரம்பித்தேன். தூத்துக்குடியிலிருந்து ஜெக்கரியா என்கிற தம்பி வந்து அமைத்துக் கொடுத்தார். கடல் உப்பு மூட்டை, அழுக்கை நுரையாகத் தள்ளும் கருவி, அலை எழுப்பும் மோட்டார், சூரியனுக்குப் பதிலாக விளக்கு, கரண்ட் போனால் ஜெனரேட்டர். ஒவ்வொரு பெட்டியையும் பிரிக்கும்போது கல்யாணச் சீர் பிரிப்பது போல இருந்தது. வீட்டு வேலைக்கு வரும் ராஜாத்தி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"வெளியில வெயிலு சும்மா கொளுத்துது. நீங்க அத காசு குடுத்து வாங்கி உள்ள மாட்டுறீங்க."

விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. முதல் பவளம் விரிந்த அன்று தெரு முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். எதற்கென்று கேட்டவர்களிடம் மஸ்கட்டில் இவருக்குப் பதவி உயர்வு என்று சொல்லிவைத்தேன். அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

நாலடி எத்தனை நாளைக்குப் போதும்? பத்தடித் தொட்டிக்கு ஆசை வந்துவிட்டது. அந்த எடைக்குக் கான்கிரீட் தளம் வேண்டும், வெயில் படாத தனி அறை வேண்டும். கூடத்து வடக்குச் சுவரை இடித்து, அந்தப் பக்கம் அறை எடுத்தால் கச்சிதமாக இருக்கும். சுவருக்கு அப்பால் வீரையன் அண்ணனின் நாற்றங்கால் இருந்தது. ராஜாத்தியின் புருஷன்தான் அவர். நிலம் எங்களுடையது, குத்தகை அவருடையது. அவர் அப்பா காலத்திலேயே பதிவானது. எங்கள் தெருமுனையில் இரண்டு கழகக் கொடியும் பறக்கிறது. ஆட்சி மாறும், பதிவான குத்தகைதாரரை மாற்ற முடியாது. நல்ல சட்டம் என்றுதான் நானும் நினைக்கிறேன். மாமனார் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்கு அலைந்தே போய்ச் சேர்ந்தார். எனக்குச் சண்டையே ஆகாது.

அந்த மூலையை மட்டும் விட்டுக்கொடுக்க முடியுமா என்று காபி கொடுத்துக் கேட்டேன்.

"மொத்த வயலுக்கும் நாத்து அங்கேருந்துதாம்மா போவுது. மேடான எடம் அது ஒண்ணுதான். அத குடுத்துட்டா மத்தது இருந்தும் இல்லாத மாதிரி."

நியாயமான பதில். நான் வற்புறுத்தவில்லை.

தொட்டியில் வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றிப் புதுசாக ஊற்ற வேண்டும். பழைய தண்ணீருக்குக் கொல்லையில் உறிஞ்சு குழி வெட்டச் சொல்லியிருந்தார் ஜெக்கரியா. வெட்டினேன். அதிலிருந்து நாற்றங்கால் வாய்க்காலுக்கு மண்ணுக்கடியில் ஒரு குழாயும் போட்டேன். சுனாமிக்குப் பிறகு கடலோர வயல்கள் என்ன ஆயின என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும்.

அந்த வருடம் மேட்டூர்த் தண்ணீர் தாமதம். அண்ணன் விட்ட விதை முளைத்து, சீப்பால் வாரிவிட்டாற்போல் நின்றது. ஊர் சாப்பிட்டுக் கண்ணயரும் மத்தியானத்தில் குழாயைத் திறப்பேன். நாலடித் தொட்டித் தண்ணீர் போதவில்லை. பெரிய தொட்டிக்கென்று வரவழைத்த உப்பையும் பீப்பாயில் கரைத்தேன். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கடல் கலக்குவது தனிச் சந்தோஷம் சார். செய்து பார்த்தால்தான் தெரியும்.

நாற்று நுனி மஞ்சளித்தது, பிறகு வெளுத்தது. ஒருநாள் அண்ணன் செம்பில் வாய்க்கால் தண்ணீரோடு வந்து நின்றார். பின்னால் ராஜாத்தி.

"உப்பு பாக்குற கருவி வச்சிருக்கீங்களாமே. இத பாருங்கம்மா. வாயில வச்சா லேசா கரிக்குது."

அது கையடக்கக் கருவி. ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் உப்புக்குத் தக்கபடி நீலக்கோடு ஏறும். பார்த்தேன். ஏறித்தான் இருந்தது.

"நல்ல தண்ணிண்ணே. துளி உப்பு இல்ல."

"அப்ப என் நாக்குதான் செத்துப்போச்சு. பொகையில போடுற நாக்கு."

ராஜாத்தி செம்பில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். "எனக்கும் கரிக்குதுய்யா. நான் என்ன பொகையிலயா போடுறேன்?"

படித்தவர்கள் பார்த்துச் சொல்லும்போது குறுக்கே பேசாதே என்று அவர் அவளை அதட்டினார். தண்ணீர் நல்லது என்று தெரிந்துவிட்டதல்லவா. அதே தண்ணீரை இன்னும் நிறைய வைத்தார். இருந்த விதையையும் விட்டார். அதுவும் கருகியது. தண்ணீர் பிந்திய வருடம், யாரிடமும் மிச்ச நாற்று கிடையாது. மற்ற வயல்களில் நடவு முடிந்தபோது அவர் வயல் வெறும் சேறாகக் கிடந்தது. வீரையன் கைபட்டால் கோரைகூட முளைக்காது என்று டீக்கடையில் கேலி செய்தார்களாம். அதை அவரே நம்பத் தொடங்கியிருந்தார்.

குத்தகைப் பாத்தியம் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனார். ஏதோ பனியன் கம்பெனி வாசலில் காவல் வேலை. நான் கேட்டது மூலை மட்டும். மீதியை அவராகத்தான் விட்டார்.

ராஜாத்தி அவரோடு போகவில்லை, என் வீட்டு வேலைக்கும் வரவில்லை. மண்ணை மடியில் கட்டிக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்கு நடந்திருக்கிறாள். பரிசோதனையில் உப்பு என்று வந்ததாகச் சொல்கிறீர்கள். அவள் நாக்கு சரியான நாக்குதான். நான் ஒருநாளும் அதைச் சந்தேகப்பட்டதில்லை.

ஊரைவிட்டுப் போகும் முன் அண்ணன் வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"எங்கப்பாரு கையிலேருந்து நல்ல மண்ணா வாங்குனேன். ஒங்க மண்ண கெடுத்துட்டேம்மா. மனசுல வச்சிக்காதீங்க."

சொல்லிவிட்டு அழுதார்.

குழாயைத் திறந்தது நான். கருவியைப் பார்த்துவிட்டுப் பொய் சொன்னதும் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் சார். கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அவரை நான் அந்த வாசலிலேயே மன்னித்துவிட்டேன். இன்றுவரை ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை.