பாறை மேல் டவர்

மலைமேல் கரியாலூர் போகும் பஸ்ஸில் நான் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன், வயது ஐம்பத்திரண்டு. முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பையன்கள்.

"எங்கம்மா பாறை ஏறுனா நான் கட் பண்ணிடுவேன்டா" என்றான் ஜன்னலோரத்தில் இருந்தவன்.

"இன்னாடா ஒளர்ற?"

"எங்க ஊர்ல அந்தப் பாறை மேலதான் டவர் கெடைக்கும். அங்க ஏறித்தான் போன் பண்ணும். நான் கேம் ஆடிக்கினு இருப்பேன். கட் பண்ணிட்டு, அப்புறமா கிளாஸ்ல இருந்தேன்னு சொல்லிடுவேன்."

"திருப்பிக் கூப்புட வேண்டியதுதான?"

"அதுக்குள்ள எறங்கிடும்."

"இப்ப இன்னா திடீர்னு ஊருக்கு?"

"பரிட்சை முடியிற வரைக்கும் பாறை ஏற மாட்டேன், நீ நல்லா படின்னு ஊர்க்காரர்கிட்ட அம்மா சொல்லி அனுப்பிச்சிருக்குடா."

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுச் சொன்னான்:

"அட்டெண்டன்ஸ் கம்மின்னு என்னப் பரிட்சையே எழுத வுடல."