சாராள் அம்மையார் எழுத மறுத்த பத்திரிகை

எழுத்தையே ஏராக்கி, எளியோர் இல்லத்து இன்பத்துக்கும் இழப்புக்கும் ஏற்ற சொல் விளைவித்த எழுத்தரசியே! ஓசூர் விடிவெள்ளி அச்சகத்தின் ஒளியே! உண்மைக்கு உறவே! பணி நிறைவு பெறும் எங்கள் சாராள் அம்மையீர், வணக்கம்!

தங்களை நேர்நின்று புகழ்ந்தால் தாங்கள் பாதியிலேயே எழுந்து போய்விடுவீர்கள் என்பதை அறிவோம். ஆகையால் அவையிலே கூடியிருக்கும் பெருமக்களுக்குத் தங்கள் கதையைச் சொல்லுகிறோம். அமர்ந்து கேட்டருள வேண்டுகிறோம்.

பெருமக்களே! சாராள் அம்மையார் முதலில் பள்ளி ஆசிரியை. கணவர் மறைந்த பின், இனி எழுதியே வாழ்வது என்று முடிவு செய்து வேலையை விட்டார். சுற்றத்தார் திகைத்துப் போனார்கள். "கதை எழுதினா அடுப்பு எரியுமா சாராளு?" என்று அவருடைய அண்ணன் ஜெபமணி வாசலில் நின்றே கேட்டார். சென்னைக்கு அனுப்பிய கதைகளில் பெரும்பாலானவை திரும்பி வந்தன. அண்ணன் சொன்னது பலித்துவிடுமோ என்று அம்மையார் அழுததும் உண்டு. அழுது ஓய்ந்த பிறகுதான் அவருக்கு ஒன்று புலப்பட்டது. தூரத்துப் பட்டணத்துக்கு அனுப்பிவிட்டுத் தபாலை எதிர்பார்த்துக் கிடப்பானேன்? சொல் தேவைப்படும் மனிதர்கள் இங்கேயே இருக்கிறார்களே!

எங்கள் உரிமையாளர் பெருமாள் அவர்களிடம் வந்தார். அக்காலத்தில் எல்லா வீட்டுத் திருமணத்துக்கும் ஒரே வாழ்த்துப்பாதான். மணமக்கள் பெயரை மட்டும் மாற்றி அச்சுக் கோப்போம். அம்மையார் அதை நிறுத்தினார். வீட்டாரை எதிரே உட்காரவைத்து, பெண் எப்படிப்பட்டவள், மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறார் என்று விசாரித்த பின்னரே பேனாவைத் திறந்தார். தெலுங்கும் கன்னடமும் பேசும் வீட்டாரிடம் அவர்கள் மொழியிலேயே கேட்டு, படித்துச் சொன்னால் புரியும் தமிழில் எழுதினார். தம் பெயரைக் கீழே சிறிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று வாதாடி வென்றார். திருமண வாழ்த்து, சந்தை அறிவிப்பு, கோயில் திருவிழா நோட்டீசு, கிறிஸ்துமஸ் நாடகம், கருமாதிப் பத்திரிகை எல்லாம் அவர் கையில் உயிர் பெற்றன. அடுப்பு எரிந்தது.

மழை பொய்த்த அறுபத்தாறாம் ஆண்டில் சோதனை வந்தது. உத்தனப்பள்ளிப் பெருநிலக்காரர் திம்மப்பன் எங்கள் அச்சகத்துக்குப் பெரும் வாடிக்கையாளர். அவர் சொன்னால் சந்தைக்காரரும் கடைக்காரரும் கேட்பார்கள். அவர் மகள் நாகம்மா, பெங்களூர்ச் சாலையில் லாரி பழுது பார்க்கும் பிரகாசம் என்ற கிறிஸ்தவ இளைஞரை மணந்துகொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டார். திம்மப்பன் அச்சகத்துக்கு வந்து, நின்றபடியே சொன்னார்:

"டீச்சரம்மா, எம் பொண்ணுக்குக் கருமாதிப் பத்திரிகை எழுதுங்க. ஊரெல்லாம் குடுக்கணும்."

"நாகம்மா நல்லாத்தானே இருக்குது, ஐயா?"

"எனக்குச் செத்துட்டா."

"உங்க கோவம் எனக்குப் புரியுதுங்க. ஆனா உசுரோட இருக்கறவ செத்துட்டான்னு எழுத என் கையி வராதுங்க."

"நீயும் அந்தச் சாமியக் கும்பிடறவதானே, அதான் பேசற," என்று திம்மப்பன் குரலை உயர்த்தினார். அம்மையார் எழுந்து நின்றார். "எங்க பொண்ணு ஒண்ணு உங்க பக்கம் வந்திருந்தாலும் எழுத மாட்டேங்க."

பெருமாள் அவர்கள் கைகூப்பி நடுவே வந்தும் பயனில்லை. திம்மப்பன் வேறோர் ஊரில் அச்சிட்டு ஊரெங்கும் கொடுத்தார். நாகம்மா தம் சாவுப் பத்திரிகையைத் தாமே படித்தார். அந்த மாதத்திலிருந்து சந்தை நோட்டீசு எங்களிடம் வரவில்லை, கடைக்காரர்களும் ஒதுங்கினார்கள். அச்சுப்பொறி பாதி நாள் சும்மா நின்றது.

பொறியை இயக்கும் கரியப்பன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "ஒரு பத்திரிகை தானுங்களே டீச்சரம்மா? எழுதிக் குடுத்திருந்தா என்ன?"

"நாளைக்கு உன் பொண்ணு கல்யாணத்துக்கு 'நல்லாருக்கணும்'னு எழுதுவேன். பொய்யும் எழுதறவன்னு தெரிஞ்சா, அந்த வாழ்த்தை யாரு நம்புவாங்க கரியப்பா? எங்கிட்ட விக்கறதுக்கு வேற என்ன இருக்குது?"

சொல்லிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. திம்மப்பனின் செல்வாக்கு எட்டாத ஊர்களைத் தேடிப் புறப்பட்டார். எப்போதோ வரும் பேருந்தைப் பிடித்து அஞ்செட்டி மலையூர்களுக்குப் போனார். அங்கே நாடகக்காரர்களுக்குப் பாட்டு எழுதினார். மாடுகளுக்கு வாய்நோய் கண்டால் என்ன செய்வது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு, எளிய தமிழில் துண்டறிக்கை ஆக்கினார். காய்ச்சலோடு திரும்பிய நாள்களும் உண்டு; கையில் வேலையோடுதான் திரும்பினார். அந்த வேலைகளே எங்களுக்குச் சோறு போட்டன. எங்களில் ஒருவருக்கும் அச்சகத்தை விட்டுப் போகவேண்டி வரவில்லை.

இரண்டாண்டு கழித்துத் திம்மப்பன் காலமானார். மகன்கள் வெளியூரில் கருமாதிப் பத்திரிகை அச்சிட்டார்கள். அதற்கு மறுநாள், துக்கம் கழியாத பெண் வெளியே வரலாகாது என்ற வழக்கத்தையும் மீறி, அவர் மனைவி வெங்கடம்மாள் பேருந்தேறி எங்கள் அச்சகத்துக்கு வந்தார். முக்காடு இட்டிருந்தார். கையில் மகன்கள் அச்சிட்ட பத்திரிகை.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. பக்கத்து வீட்டுல படிக்கச் சொல்லிக் கேட்டேன். எம் புள்ளைங்க பேருல ஒரு பேரு இல்லையாம். செத்தவ பேரை எப்படிப் போடறதுன்னு பசங்க கேக்கறானுங்க."

அம்மையார் அவரைத் தம் நாற்காலியில் உட்காரவைத்தார்.

"அவரு கடைசியா ஏதாவது சொன்னாருங்களா?"

"பேரைச் சொல்லலே. 'சின்னவ சாப்பிட்டாளா'ன்னு கேட்டாரு. எங்களுக்குச் சின்னவ அவதானே."

அம்மையார் பேனாவைத் திறந்தார். புதிய பத்திரிகை எழுதினார். மகன்களின் பெயருக்கு எந்த அளவு எழுத்தோ, அதே அளவில் "மகள் நாகம்மா" என்று கோத்தோம். திம்மப்பன் பகைத்த அச்சகத்திலேயே அவருடைய கருமாதிப் பத்திரிகை அச்சேறியது. கருமாதியன்று நாகம்மாவும் பிரகாசமும் தயங்கித் தயங்கி வந்தபோது மகன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெங்கடம்மாள் வாசலுக்கு வந்து மகளின் கையைப் பற்றி உள்ளே அழைத்துப் போனார்.

பெருமக்களே! தாயும் மகளும் இன்று இந்த அவையின் முன்வரிசையில் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள்.

அம்மையீர்! எழுதியதற்காகப் புகழ் பெற்றோர் பலர். தாங்கள் எழுதியதற்காகவும், எழுத மறுத்ததற்காகவும் தங்களை வணங்குகிறோம். கண்ணொளி குன்றாமல், கைநடுக்கம் அணுகாமல், கர்த்தர் காக்க, தாங்கள் நெடுநாள் நலமாக வாழ வேண்டும். இனித் தங்களுக்குப் பிடித்ததைத் தங்களுக்காக எழுதுங்கள். அச்சுக் கோக்க நாங்கள் இருக்கிறோம்.

ஓசூர், 1969

தங்கள் அன்பில் வளர்ந்த
முனிவேல், கரியப்பன், சாந்தம்மா
மற்றும் விடிவெள்ளி அச்சகப் பணியாளர்கள்