முத்திரை பிரிக்காத குப்பி

அக்டோபர் 9, வியாழன்.

நேற்று எழுதியதில் ஒரு சிறு பிழை இருக்கிறது. எங்கள் கழகத்தில் படகு ஓட்டும் பிரினா முதலில் விலா வலிக்கிறது என்று சொன்னாள், அதற்குப் பிறகுதான் ஒருநாள் போத்திட்சா ரொட்டி கொண்டுவந்தாள் என்று எழுதியிருந்தேன். இன்று படகுக் கழகத்துச் சமையலறையில் அந்த ரொட்டி வந்த தட்டைப் பார்த்ததும் நினைவு வந்தது. போத்திட்சா முதலில், விலா பிறகு. பெரிய விஷயம் இல்லை. ஆனாலும் பிழையைக் கண்டால் அடுத்த பதிவின் தொடக்கத்திலேயே திருத்திவிட்டு மேலே போகவேண்டும் என்று தரிங்கா டீச்சர் சொல்லியிருக்கிறார்.

கிரான் நகரில் மாலை வகுப்பில் விளையாட்டு மசாஜ் படிக்கிறேன். இன்று என்ன செய்தோம், எங்கே தவறினோம், நாளை என்ன வேலை என்று தினமும் எழுதச் சொன்னது தரிங்கா டீச்சர்தான். மாதக் கடைசியில் வாங்கிப் பார்ப்பார். இந்தப் பக்கத்தை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டுக் கொடுப்பதாக இருக்கிறேன். இதில் தொழில் சம்பந்தமானது எவ்வளவு, சொந்த விஷயம் எவ்வளவு என்று எனக்குச் சரியாகப் பிரிக்கத் தெரியவில்லை.

பகலில் ப்ளெட் ஏரிக்கரையில் ஒரு படகுக் கழகத்தில் வேலை. படகு ஓட்டுபவர்கள் கரையேறிய பிறகு அவர்களின் உடம்பு என் பொறுப்பு. பிரினா ஒற்றையர் படகு ஓட்டுபவள். அவளுக்கென்று ஒரு முறை வைத்திருந்தோம். கரையேறியதும் முழங்கால் வரை ஏரித் தண்ணீரில் நிற்பாள். பிறகு முதுகுக்கு மசாஜ். அது முடிந்ததும் நாக்குக்கு அடியில் சிபிடி எண்ணெய்ச் சொட்டுகள். கடைசியில் பக்வீட் கஞ்சி. கஞ்சாச் செடியின் வகையிலிருந்து எடுக்கும் அந்த எண்ணெய்க்குத் தடை இல்லை. அதே செடியில் இருக்கும், போதை தரும் டிஹெச்சி என்ற இன்னொரு பொருளுக்குப் போட்டி நாளில் தடை உண்டு. அதனால் சுத்திகரித்து, பரிசோதனைச் சான்றோடு வரும் எண்ணெயைத்தான் வாங்குவோம்.

சொட்டு விடுவது என் வேலை. பிரினா தலையைச் சாய்த்து வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். "சீக்கிரம் ஊத்துடா டாக்டரு, கஞ்சி ஆறுது" என்பாள். பயிற்சியாளர் வின்கோ அந்த வழியாகப் போனால் சும்மா போகமாட்டார். கன்றுக்குட்டிக்குச் சொட்டு மருந்து ஊற்றுவது போல இருக்கிறது என்று ஒருமுறை சொன்னார். "கன்னுக்குட்டிதான் சார் உங்களுக்கு மெடல் வாங்கிக் குடுக்குது" என்றாள் பிரினா, நாக்கை இறக்காமலே.

எண்ணெயை எப்போதும் ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து இரண்டு குப்பிகளாக வாங்குவோம். ஒன்று பயன்படுத்த. மற்றது முத்திரை பிரிக்காமல் அலமாரியில் இருக்கும். நாளை ஏதாவது வம்பு வந்தால், குற்றம் எண்ணெயில் இருந்தது, என்னிடம் இல்லை என்று வீரர் காட்டலாம். கவனமான வீரர்கள் செய்வதுதான் இது. எங்கள் கழகத்தில் இதைக் கொண்டுவந்தது நான். அதற்காக வின்கோ எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

ஜூன் மாதத்துத் தேசியப் போட்டியில் பிரினா முதலாவதாக வந்தாள். அன்று எடுத்த சிறுநீரில் டிஹெச்சி இருந்தது. அனுமதித்த அளவைவிட மிக அதிகம். நாளை தலைநகர் லூப்லியானாவில் விசாரணை. மூடிய குப்பியை அவர்களிடம் ஒப்படைக்கப் போகிறோம். ஆய்வகம் அதைத் திறந்து பார்க்கும், அதிலும் டிஹெச்சி இருக்கும், தான் விடுதலையாகிவிடலாம் என்று பிரினா நம்புகிறாள். இல்லையென்றால் தடை ஆண்டுக்கணக்கில் போகும். இத்தாலியில் ஒரு பெரிய படகுக் கழகம் அவளைச் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டு, குளிர்காலம் வரை இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. தடை வந்தால் அந்த இடம் போய்விடும். அவளுக்கு இப்போது இருபத்தாறு. இப்படி இன்னொரு இடம் வராது என்று அவளே சொல்கிறாள்.

அந்தக் குப்பியில் டிஹெச்சி இருக்காது. மாமாவின் சரக்கை நான் ஊற்றியது திறந்த குப்பியில்.

இதை நான் ஏன் செய்தேன் என்பதை ஒழுங்காக எழுதவேண்டும். மீட்சி என்றால் எண்ணெயும் மசாஜும் இல்லை, அவை எல்லாம் ஓய்வுக்குத் துணை, உடம்பு நின்றால்தான் உடம்பு தேறும் என்பது தரிங்கா டீச்சரின் முதல் பாடம். பிரினா நிற்கவே மாட்டாள். அவள் முதுகைத் தொடும்போது எனக்குத் தெரியும். தோள்பட்டைக்குக் கீழே தசை கயிறு போல முறுக்கிக் கிடக்கும். பிறகு விலாவும் வலிக்க ஆரம்பித்தது. படகுக்காரர்களுக்கு விலா எலும்பில் மெல்லிய கீறல் விழுவது உண்டு. நான் வின்கோவிடம் சொன்னேன். அவர் படம் எடுக்க அனுப்பினார். கீறல் இல்லை, வெறும் தசைப்பிடிப்பு, ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றார் மருத்துவர். சரியாகவும் ஆயிற்று. ஆனால் படங்களில் எல்லாமே தெரிந்துவிடுவதில்லை.

அவளுக்கு ஒரு நீண்ட ஓய்வு தேவைப்பட்டது. அவளாக எடுக்கமாட்டாள், வின்கோவும் தரமாட்டார். தரக்கூடிய ஒரே இடம் விசாரணைக் குழு.

கிழக்கே பிரேக்முர்யே கிராமப்புறத்தில் என் மாமா பூசணி வயலுக்குப் பின்னால் சில செடிகள் வைத்திருக்கிறார். அவற்றிலிருந்து பிசின் காய்ச்சி, மூட்டுவலிக்காரர்களுக்குக் கொடுப்பார். அவருடைய சரக்கில் எல்லாம் இருக்கும், எதையும் பிரித்தெடுக்க அவருக்குத் தெரியாது. எனக்கு முதுகு வலி என்று சொல்லி ஒரு சின்னக் குப்பி வாங்கிவந்தேன். "பாத்து மாப்ள, ராத்திரி மட்டும் போடு, பகல்ல போட்டா பசுமாடு கூட அழகாத் தெரியும்" என்றார். போட்டிக்கு முந்தைய நாட்களில் அதைக் கலந்தேன். நிறத்திலோ வாசனையிலோ பெரிய வித்தியாசம் இல்லை. பிரினா நன்றாகத் தூங்கினாள். ஒருநாள் காலையில் வந்து, "நேத்து மிதந்துக்கிட்டே தூங்கினேன்டா, எங்க வாங்கின இந்த எண்ணெய" என்று கேட்டாள். வழக்கமான கடையில்தான் என்றேன்.

சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்த பிறகு திறந்த குப்பி எங்கே என்று தேடினார்கள். நான் முன்பே அதை வெந்நீரில் கழுவி, மூடியைத் தனியாகவும் கண்ணாடியைத் தனியாகவும் தெருமுனைத் தொட்டிகளில் போட்டுவிட்டேன். இங்கே கழுவாமல் போட்டால் அக்கம்பக்கத்தார் ஒரு மாதம் பேசுவார்கள். யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. வின்கோ மட்டும், இவன் ஒருவன்தான் இந்தக் கழகத்தில் ஒழுங்கு என்றார்.

வழக்கறிஞர் ஒரு வழி சொன்னார். போட்டிக்குச் சில நாள் முன்பு நண்பர்களோடு விளையாட்டாகக் கஞ்சா புகைத்தேன் என்று பிரினா ஒப்புக்கொண்டால், தண்டனை மூன்று மாதத்தோடு முடிய வாய்ப்பு இருக்கிறது. அந்த மூன்று மாதம் இத்தாலிக்குப் போவதற்குள் கழிந்துவிடும். அன்று மசாஜ் மேசையில் குப்புறப் படுத்துக்கொண்டு அவள் என்னைக் கேட்டாள்.

"நீ சொல்லுடா ததேய். ஒத்துக்கிட்டுப் போயிடவா?"

"நீ செஞ்சியா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு செஞ்சேன்னு சொல்லணும்? பொய் சொல்லாத பிரினா. குப்பி இருக்குல்ல."

அவள் மேசைத் துணிக்குள் முகத்தை வைத்தபடியே, "எங்கம்மாவே ஒரு தடவை சந்தேகமாக் கேட்டாங்க. நீ ஒருத்தன்தான்டா என்னை நம்புற" என்றாள்.

அது உண்மை. அவள் குற்றம் செய்யவில்லை என்பதில் என் அளவுக்கு உறுதியாக இருக்கக்கூடியவர் யாரும் இல்லை.

நாளைக்குள் செய்யக்கூடியவற்றையும் யோசித்துப் பார்த்தேன். விசாரணையில் எழுந்து உள்ளதைச் சொல்லலாம். அவள் வெளியே வந்துவிடுவாள், உடனே படகில் ஏறிவிடுவாள். ஓய்வு என்ற பேச்சே இருக்காது. இவ்வளவு கஷ்டப்பட்டதும் வீணாகிவிடும். நான் தவறாக யோசிக்கிறேனோ என்றும் தோன்றுகிறது. எனக்கு எப்போதும் அப்படித் தோன்றும்.

போத்திட்சாவைப் பற்றி ஒன்று எழுதாமல் விட்டேன். ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் எல்லா வீட்டிலும் அந்த வால்நட் சுருள் ரொட்டி இருக்கும். பண்டிகை இல்லாத நாளில் வந்தால் அந்த வீட்டில் ஏதோ செய்தி என்று அர்த்தம். மே மாதம் பிரினா அதைத் தட்டோடு கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தாள். எல்லோருக்கும் ஒரு துண்டு. இத்தாலியில் இடம் கிடைத்துவிட்டது என்றாள். அங்கே மசாஜுக்கே மூன்று பேர் இருக்கிறார்களாம். "உன் முரட்டுக் கையிலேர்ந்து எனக்கு விடுதலைடா" என்று என் தோளில் தட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த வாரக் கடைசியில்தான் மாமா வீட்டுக்குப் போனேன்.

இப்போது வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். போத்திட்சா, மாமா வீடு, விலா. நேற்று வரை என் மனதில் விலா, மாமா வீடு, போத்திட்சா என்றுதான் இருந்தது. வரிசை மாறினாலும் காரணம் மாறவில்லை என்று நினைக்கிறேன். இதை டீச்சரிடம் கேட்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

நாளைய வேலை: ஏழரை பஸ். மூடிய குப்பியைத் துணியில் சுற்றி, சாயாமல் எடுத்துப் போகவேண்டும். பிரினாவுக்கு ரொட்டியும் சீஸும் கட்டவேண்டும், பசியோடு இருந்தால் எல்லோர் மேலும் எரிந்து விழுவாள். விசாரணையில் நாள் முழுக்க உட்கார்ந்தால் அவள் முதுகு இறுகிவிடும், மாலையில் மசாஜ் மேசையைத் தயாராக வைக்கவேண்டும். போத்திட்சா வந்த தட்டைக் கழுவித் துடைத்திருக்கிறேன். அதை நாளைக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றில்லை. அவள் இங்கேதானே இருக்கப் போகிறாள்.